அப்பாவுக்கும் எனக்கும் ஒரே டாக்டர்

கல்யாணமாகி எட்டு வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த எட்டு வருடமும் ஊசி, மாத்திரை, ஸ்கேன், விரதம் எல்லாம் என் மனைவிக்குத்தான். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீசை இருக்கிறது, கட்டைக் குரல் இருக்கிறது, கருமத்தம்பட்டியில் தறிக்குடோன் வைத்து நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிறான், இவனிடம் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மூளை இருக்கிற எவனாவது ஒருவன் எங்கள் வீட்டில் இருந்திருந்தால் முதல் வருடமே என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பான்.

என் மனைவி சத்தியமங்கலத்துக்காரி. எதையும் முகத்துக்கு நேரே சொல்லிப் பழகியவள். எங்கள் ஊருக்கு வந்து அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டாள். கல்யாண வீடுகளில் சீர்த்தட்டு எடுக்க எல்லாப் பெண்களையும் கூப்பிடுவார்கள், இவள் முறை வரும்போது மட்டும் யாருக்காவது வேறு வேலை ஞாபகம் வந்துவிடும். வளைகாப்புக்குப் போனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்து, சேலையை மாற்றாமல் படுத்துக்கொள்வாள். எனக்கு வயிறு எரியும். யார் மேல் எரிந்து விழுவது என்று தெரியாமல் தறிக்குடோனில் போய்க் கத்துவேன்.

கடைசியில் அவளைப் பார்த்துவந்த லேடி டாக்டரே சலித்துப்போய், உன்னிடம் ஒரு குறையும் இல்லை, உன் வீட்டுக்காரரை யாராவது பார்த்தார்களா என்று கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னாள். எனக்கு வந்ததே கோபம். என்னை என்னவென்று நினைத்தாய் என்று சத்தம் போட்டேன். அவள் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. "ஒரேயொரு தடவ போய்ட்டு வந்துருங்க. நான் எத்தன தடவ காலை விரிச்சுக் காட்டியிருக்கேன்" என்றாள். அதற்குமேல் நான் என்ன பேச. போனேன்.

கணபதியில் ஒரு நர்சிங் ஹோம். ஒன்றுக்கு அடைப்பு, கல்லடைப்பு, ஆண்கள் சமாச்சாரம் எல்லாம் பார்க்கிற டாக்டர். ஐம்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசுவார். முதலில் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னார். முடிவு வந்தது. விந்தணு ஒன்றுகூட இல்லை. தப்பாக இருக்கும் என்று நான் சொன்னேன். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதேதான். என்னைப் படுக்கச் சொல்லித் தொட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் அடிவயிற்றில் இருந்த தழும்புகளை விரலால் தடவி, இது எப்போது செய்தது என்றார். ஒன்பது வயதில் என்றேன். கையை எடுத்துவிட்டு, "ஏனுங்க அவ்வளவு லேட்டு?" என்று கேட்டார்.

அந்தக் கதையைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. பிறந்தபோது என் விரைகள் இரண்டும் பைக்குள் இறங்கவில்லை. அம்மை குத்தக் கொண்டுபோன இடத்தில் ஒரு டாக்டர் அதைக் கண்டுபிடித்து, இரண்டு வயதானதும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஆபரேஷன் செய்து கீழே இறக்கி வைத்துவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் பங்காளிகளிடையே ஒரு முறை இருந்தது. ஆண் குழந்தையின் உடம்பில் படும் முதல் கத்தி குலதெய்வத்தின் வாசலில்தான் படவேண்டும். அங்கே முடி இறக்கி, காது குத்திய பிறகுதான் மற்றதெல்லாம். நகத்தைக்கூட அம்மா பல்லால் கடித்துத்தான் எடுப்பாளாம். எனக்கு முடி இறக்குவதற்குள் கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று பங்காளிகளுக்குள் சண்டை வந்து, வெட்டு குத்து வரைக்கும் போய், கோயிலைப் பூட்டி விட்டார்கள். பூட்டு திறக்க ஏழு வருடமாயிற்று. அதுவரைக்கும் நான் சடை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். பையன்கள் பின்னாலிருந்து இழுப்பார்கள். முடி இறக்கிய அதே வருடம் கோயமுத்தூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். இறக்கி வைத்தாயிற்று, வேலை முடிந்தது என்று எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள். அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

டாக்டர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அந்தக் காலத்தில் டாக்டர்களே நாலைந்து வயது வரைக்கும் பார்க்கலாம் என்றுதான் சொல்வார்கள், இப்போது அதுவும் அதிகம் என்கிறோம் என்றார். உடம்பின் உள்சூடு அந்தத் திசுவுக்கு ஆகாது, அதனால்தான் இயற்கை அதை வெளியே ஒரு பையில் வைத்திருக்கிறது, உள்ளேயே கிடந்தால் முதல் ஒன்றிரண்டு வருடத்திலேயே கெட ஆரம்பித்துவிடும் என்றார். பிறகு எனக்கு ஒரு நப்பாசையைக் கொடுத்தார். கெட்டுப்போன விரையிலும் சில சமயம் ஒரு மூலையில் கொஞ்சம் உயிரோடு இருக்கும். ஒரு துணுக்கு வெட்டியெடுத்துப் பார்க்கலாம். அதில் விந்தணு தெரிந்தால் மெட்ராஸில் புதிதாக ஒரு முறை வந்திருக்கிறது, ஊசியில் ஒரே ஒரு அணுவை எடுத்து முட்டைக்குள் செலுத்திவிடுவார்களாம்.

இதை வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "ஒன்னு இருந்தாப் போதுங்களா?" என்று கேட்டாள். போதுமாம் என்றேன். அவள் முகத்தை அப்படி நான் பார்த்து வெகு காலமாகியிருந்தது. எங்களோடு இருந்த அப்பாவிடம் குடலிறக்கத்துக்குச் சின்ன ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு, பயாப்சிக்குப் போய் வந்தேன். வலி ஒன்றும் பெரிதில்லை. முடிவு வரும்வரை காத்திருந்ததுதான் பெரிது. அந்த நாட்களில் அவள் பாட்டுக்கூட முணுமுணுத்தாள். தறி மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தால் காதில் கேட்கும். எனக்கு அதைக் கேட்கப் பயமாக இருந்தது.

முடிவைச் சொல்ல டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். நேரே சொல்லியிருக்கலாம். நான் விடவில்லை, என்ன இருக்கிறது என்ன இல்லை என்று எனக்குக் காட்டுங்கள் என்றேன். நான் அப்படித்தான், தறியில் நூல் அறுந்தாலும் எங்கே அறுந்தது என்று பார்க்காமல் விடமாட்டேன். நர்சிங் ஹோமின் லேபுக்குக் கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார வைத்தார். ஒரு கண்ணை மூடிப் பார்க்கப் பழகவே நேரமாயிற்று. பிறகு தெரிந்தது. ரோஸ் நிறத்தில் வட்டம் வட்டமாக, வாழைத்தண்டை நறுக்கி அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. அதுதான் நான்.

ஒவ்வொரு வட்டமும் ஒரு குழாயின் குறுக்கு வெட்டு என்று சொல்லிக்கொடுத்தார். பிறந்த குழந்தைக்கு அந்தக் குழாய் அடைத்த கயிறு போலத்தான் இருக்குமாம், நடுவில் துளை கிடையாது. உள்ளே சில மூலச் செல்கள் மட்டும் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு பத்துப் பன்னிரண்டு வருடம் சும்மா இருக்கும். வயதுக்கு வரும்போது துளை திறக்கும், அந்த மூலச் செல்கள் பெருகி, அடுக்கடுக்காக மாறி, வாலோடு விந்தணுவாக நடுவில் வந்து விழும். அதற்குப் பிறகு அது நிற்பதே இல்லை. கிழவனானால் குழாயின் சுவர் தடிக்கும், சில குழாய்கள் மூடிக்கொள்ளும், ஆனாலும் அங்கங்கே வேலை நடந்துகொண்டிருக்கும் என்றார். குழாய்களுக்கு வெளியே இருக்கிற வேறு செல்கள்தான் மீசைக்கும் குரலுக்கும் பொறுப்பாம். அவற்றுக்குச் சூடு அவ்வளவாகப் பொருட்டில்லை. எனக்கு அவை கொத்துக் கொத்தாக நன்றாகவே இருந்தன. அதைக் கேட்டபோது என் மீசையைப் பிடுங்கி எறியவேண்டும் போலிருந்தது.

துணுக்கு ஒட்டியிருந்த கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு சின்ன வட்டத்தைக் காட்டினார். துளை இல்லாமல் அடைத்திருந்தது. "இது எட்டு வயசுப் பையனுக்கு இருக்கற மாதிரிங்க. வயசுக்கே வரல" என்றார். பக்கத்தில் இன்னொன்றைக் காட்டினார். சுவர் தடித்து, உள்ளே ஒன்றும் இல்லாமல், வெறும் தழும்பாக இருந்தது. "இது எம்பது வயசுக்காரருக்கு இருக்கற மாதிரி." நான் கண்ணை எடுக்காமல், அப்படியானால் என் வயசு எங்கே என்று கேட்டேன். முழுத் துணுக்கையும் தேடிப் பார்த்துவிட்டார்களாம், ஒரு மூலச் செல்கூட இல்லையாம். மெட்ராஸுக்குப் போவதில் அர்த்தமில்லை என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார்.

பஸ்ஸில் அவினாசி ரோட்டில் வந்துகொண்டிருந்தபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் மடியில் ஒரு குழந்தையைத் தூங்கவைத்திருந்தான், அதன் கால் என் தொடைமேல் கிடந்தது. எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிழை அவளிடம் இல்லை என்று தெரிந்தால் ஒரு சொட்டாவது ஆறுதல் வரும் என்று நினைத்திருந்தேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தான் குடித்த மருந்துகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி, "என்னோட எட்டு வருசத்த ஆருங்க குடுப்பாங்க?" என்று கேட்டாள். அன்றைக்குப் பிறகு அவள் முணுமுணுப்பும் நின்றுபோயிற்று.

அப்பாவுக்கு எழுபதுக்கு மேல். அம்மா போய்ச் சேர்ந்து வெகு காலம். எங்களோடுதான் இருந்தார், மாட்டைக் கட்டி அவிழ்ப்பதும் ஒறம்பரை, சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்குப் போய் வருவதும்தான் வேலை. அப்படிப் போன இடத்தில் யாரோ தூபம் போட்டிருக்கிறார்கள். ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது என்னிடம் பேச்சை ஆரம்பித்தார். வம்சம் நின்றுபோகக் கூடாது, இவளையும் வைத்துக்கொள், இன்னொரு பெண்ணும் பார்க்கலாம், ஊரில் நடக்காததா என்றார். என் மனைவி அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியைச் சட்டியில் வைத்தாள். சத்தியமங்கலத்துக்காரி திரும்பி வந்துவிட்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

"மாமா, கொறை எனக்கில்லீங்க. உங்க பையனுக்குத்தான். இறக்க வேண்டிய வயசுல இறக்காம, கோயில் பூட்டுத் தெறக்கட்டும்னு உக்காந்திருந்தீங்களே, அதுல வந்ததுங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளை அடக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. அவள் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. அப்பா என்னைப் பார்த்து, நிசமா என்றார். ஆமாங்க என்றேன். இலையை மூடாமல் எழுந்து கை கழுவிவிட்டு மாட்டுக் கட்டுத்தரைக்குப் போனார். அதற்குப் பிறகு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டார். மாட்டோடு பேசுவது கேட்கும். விசேஷங்களுக்குப் போவதும் நின்றது. அந்தக் கோயில் திருவிழாவுக்கு நோட்டீஸ் கொண்டுவந்த பங்காளியை வாசலிலேயே நிறுத்தி, எனக்கும் அந்தச் சாமிக்கும் ஒன்றுமில்லை, போய்விடு என்று சொல்லி அனுப்பினார். எனக்கு அவர் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் அன்றைக்குக் கரைந்துவிட்டது என்று சொன்னால் பொய். பாதிதான் கரைந்தது.

அடுத்த வருடம் அவருக்கு ஒன்றுக்குப் போவது அடைத்தது. முதுகு வலி என்று முனகிக்கொண்டே இருந்தார். வேறு டாக்டர் யாரையும் எனக்குத் தெரியாது, கணபதிக்கே கூட்டிப் போனேன். அதே பெஞ்சு, அதே டாக்டர். புராஸ்டேட் சுரப்பியில் புற்று, எலும்புக்கும் போய்விட்டது. விரைகள் சுரக்கிற சுரப்புதான் அந்தப் புற்றுக்குத் தீனி, இரண்டையும் எடுத்துவிட்டால் வலி குறையும், கொஞ்ச காலம் ஓட்டலாம் என்றார். இதை எப்படி அவரிடம் சொல்வது என்று நான் தவித்தேன். டாக்டரே சொன்னார்.

அப்பா வாழ்நாளெல்லாம் காளைகளுக்குக் காயடித்துப் பார்த்தவர். கேட்டதும் உடம்பு கூசிச் சுருங்கிவிட்டார். மாட்டுக்குச் செய்வதை எனக்குச் செய்யப் போகிறீர்களா என்று முனகினார். முடியாது என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. வலி ஆளைத் தின்றது. கடைசியில் ஒரு காலையில் அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்று, போலாம் என்றார்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் அப்பாவின் அறைக்கு வந்து பார்த்தார். நான் கட்டில் அருகே நின்றேன். எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்த அப்பா, டாக்டர் கிளம்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங் டாக்டர், எப்படியும் அறுத்து வீசத்தான போறீங்க. அத எம்பையனுக்கு வெச்சுட முடியாதுங்களா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை, டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மாற்றி வைக்கிறார்கள், கிட்னியை மாற்றி வைக்கிறார்கள், அவருக்குத் தெரிந்த கணக்கில் அதில் தப்பேதும் இல்லை. எத்தனை நாளாக இதை மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாரோ. முடியாது என்று சொன்னவர் ஒரு காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றது வலிக்காக அல்ல என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து, பொறுமையாக, அப்படி வைக்க முடியாது என்றும், வைத்தாலும் அதிலிருந்து வருவது உங்கள் பிள்ளையாகத்தான் இருக்கும், இவருக்குத் தம்பி முறை ஆகும் என்றும் சொன்னார்.

"அப்ப வேண்டாங்க" என்று அப்பா கையை விட்டார். "நீங்க எடுத்துப் போட்டுருங்க."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்ததை லேபுக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் வராந்தாவில் என்னிடம், புற்று விரையில் இல்லை, எதிர்பார்த்த மாதிரிதான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். நான் அவரை விடவில்லை. பார்க்கணும் என்றேன். வேண்டாங்க, உங்களுக்கு எதுக்கு என்றார். பார்க்காமல் போகமாட்டேன் என்று நின்றேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, கூட்டிப் போனார்.

அதே மைக்ராஸ்கோப்தான். வட்டங்களின் சுவர் தடித்திருந்தது. சில முழுக்க மூடிக்கிடந்தன, எனக்குக் காட்டிய அந்த எண்பது வயது வட்டம் போலவே. பிறகு அவர் கண்ணாடியை நகர்த்தினார். ஒரு வட்டம் திறந்திருந்தது. ஓரத்தில் அடுக்கடுக்காகச் செல்கள். நடுத்துளையில் கருப்பாக, கடுகை விடச் சின்னதாகத் தலைகள், மெல்லிய வால்கள். ஒன்றிரண்டு இல்லை, ஏகப்பட்டது. எழுபதைத் தாண்டி, புற்று வந்து, பெண்டாட்டி செத்து வெகு காலமாகி, யாருக்கும் வேண்டாத இடத்தில் அந்தத் திசு ஒரு நாளும் லீவு போடாமல் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. இதில் ஒன்று எனக்குள் இருந்திருந்தால் போதும். அந்த லேபில் மேஜையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். டாக்டர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனேன். என் மனைவி அவருக்கு இட்லியைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பழைய கோபம் அவளிடம் இருந்ததா போயிற்றா என்று எனக்குத் தெரியாது, கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா என்னைப் பார்த்தார். அந்த மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"லேபுக்குப் போனியாமா கண்ணு? எம்பட்டதுல எதாச்சும் இருந்துதா?"

என் மனைவியின் கை நின்றது. அவளும் என்னைப் பார்த்தாள்.

"இல்லீங்கப்பா" என்றேன். "நெம்ப நாளைக்கு முன்னாலயே வத்திப் போயிருச்சுங்களாம்."

அவர் தலையணையில் சாய்ந்துகொண்டார். நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. "அப்பச் செரி. வீணாப் போவல" என்றார். பிறகு வாயைத் திறந்து அடுத்த வாய் இட்லியை வாங்கிக்கொண்டார். என் மனைவி மட்டும் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.